வாக்குரிமைக்கு இட்ட வேலி

ஆண்டுதோறும் கிராம உத்தியோகத்தர் எமது வீட்டுப் படலையடியில் வந்து நின்று, வாக்காளர் இடாப்பைத் திருத்துவதற்கான படிவம் ஒன்றைத் தந்து செல்கின்றார். தந்தையார் அதனை மேசைமீது விரித்து, வீட்டிலுள்ளோர் பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் எழுதிக் கையொப்பமிட்டு முடிக்கக் கால்மணி நேரமும் ஆவதில்லை. எமது பெயர் அப்படிவத்தில் முதன்முதலாக ஏறிய ஆண்டிலே, "உன் பேரனார் எங்கே பிறந்தவர்? பூட்டனார் எங்கே பிறந்தவர்? அவற்றுக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் உண்டா?" என்று எம்மை எவரும் கேட்டிலர். கேட்டிருப்பின் யாது செய்திருப்போம் என்ற எண்ணம் எமக்கு உண்டானது, பல்கலைக்கழகத்தில் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்த பின்னரேயாம். விடுமுறையில் வீடு சென்றபோது அம்மாவின் தகரப் பெட்டியைக் கிளறிப் பார்த்தோம். தந்தையாருடைய பத்திரம் இருந்தது. பேரனாருடையது செல்லரித்துப் பாதி இருந்தது. பூட்டனாருக்கு ஒரு காணி உறுதியும் சாதகக் குறிப்பும் உள. பிறப்புப் பத்திரம் இல்லை.

எமக்கு அது வேண்டப்படவில்லை. மலைநாட்டிலே தேயிலை கொய்த மக்களுக்கு வேண்டப்பட்டது. அந்தக் கதையை இம்மலரில் எழுதப் புகும் நாம், அதனைப் பிறர் எமக்கு இழைத்த அநீதியாக மட்டும் எழுதிவிட்டு நழுவ விரும்பவில்லை. "யார் தகுதியுடையோர்?" என்ற கேள்வியை எழுப்பி, தமக்குக் கீழே ஒரு வேலியைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் எம்மவரிடத்தும் இருந்தது. மூத்தோர் முகஞ் சுளிக்கக்கூடிய சில செய்திகளும் இதில் வரும். பொறுத்தருள்வார்களாக.

எமது விழா மேடைகளிலே குடவோலையைப் பற்றிப் பேசாத பேச்சாளர் அரியர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் (919, 921) எடுத்துக்காட்டப்படாத 'தமிழர் சனநாயகம்' இல்லை. அவற்றின் சிறப்பை நாமும் மறுக்கவில்லை. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி பதவிக்கு வரலாகாது என்று கல்லில் வெட்டிய ஊரார் போற்றத்தக்கவரே. அவ்விதி இன்றுமிருந்தால் எத்தனை ஆசனங்கள் வெறுமையாகும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. ஆயினும் அக்கல்வெட்டை முழுதும் படிக்கவேண்டும். குடத்திலே ஓலை இடப்படுவதற்கு இறை செலுத்தும் கால் வேலி நிலம் உரியதாயிருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். வேதக் கல்வி வேண்டும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அச்சபை பிராமணருடைய சபை. உழுதவனுக்கும் பறையறைந்தவனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. பெண்ணுக்கும் இல்லை. வேலி என்பது நில அளவைக்கும் பெயர், காணியை அடைக்கும் கதிகாலுக்கும் பெயர். இரண்டும் ஒரே சொல்லாய் அமைந்தது வெறும் தற்செயல்தானோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

இனி இலங்கைக்கு வருவோம். 1833இல் கோல்புறூக்கின் சீர்திருத்தத்தால் சட்டநிரூபண சபை ஏற்பட்டபோது உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவரைத் தேசாதிபதியே நியமித்தார். தேர்தல் என்ற ஒன்று வந்தது 1911இலேதான். அதுவும் 'கற்ற இலங்கையர்' என்ற பெயரில் முழு நாட்டுக்கும் ஓர் ஆசனம்; வாக்காளர் ஏறக்குறைய 3,000 பேர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதில் டாக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவை வென்றார். சிங்கள வாக்காளர் பலர் ஒரு தமிழருக்கு வாக்களித்தார்கள் என்று இதனை நாம் பெருமையோடு சொல்வது வழக்கம். அவ்வாக்காளர் அனைவரும் ஆங்கிலங் கற்று வசதி பெற்ற ஆடவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நேர்மையாகும். 1920களின் சீர்திருத்தங்களின் பின்னரும் வாக்குரிமை பெற்றோர் சனத்தொகையில் 100க்கு 4 பேரளவிலேதான் இருந்தனர்.

1927 நவம்பரில் டொனமூர் பிரபுவைத் தலைவராகக் கொண்ட கொமிஷன் கொழும்பில் வந்திறங்கியது. நால்வர் கொண்ட அக்குழுவில் டாக்டர் துறமண்ட் ஷீல்ஸ் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். பொறுப்பாட்சி வேண்டும் என்று கேட்க வந்த எமது தலைவர்கள், வாக்குரிமையை விரிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. இலங்கைத் தேசிய காங்கிரஸ், மாதம் 50 ரூபா வருமானமுள்ள ஆடவருக்கு வாக்கு இருந்தாற் போதும் என்றது. எல்லோருக்கும் வேண்டும் என்று துணிந்து கேட்டவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கா. பெண்களுக்கு வேண்டும் என்று கேட்டவர்கள், அந்த டிசம்பரிலேயே அவசரமாகக் கூடி அமைத்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தார்.

அச்சங்கத்தார் சாட்சியமளித்தபோது நடந்த ஒரு சிறு சம்பவம் எமக்கு இவ்வரலாறு முழுவதிலும் பெரிதாகத் தோன்றுகின்றது. தோட்டங்களிலே வேலை செய்யும் இந்தியத் தமிழ்க் கூலிப் பெண்களுக்குமா வாக்கு வேண்டுமென்கிறீர்கள் என்று கொமிஷனர் தரப்பிலிருந்து வினவப்பட்டது. சங்கத்தின் செயலாளர் திருமதி அக்னஸ் டி சில்வா, ஐயமின்றி, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட விடையளித்தார். அவர் தயங்கியிருக்கலாம், தம் வர்க்கத்துப் பெண்களுக்கு மட்டும் கேட்டிருந்தால் எளிதிற் கிடைத்திருக்கவுங் கூடும். அக்காலத்துக் கனவான்கள் எவருக்கும் வாராத விடை அது.

1928இல் வெளிவந்த அறிக்கை சொத்து, கல்வி என்னும் தடைகளைத் தள்ளிச் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. பெண்களுக்கு முதலில் 30 வயதென்று வைத்த எல்லையும் பின்னர் 21 ஆயிற்று. இங்கிலாந்திலே 21 வயதுப் பெண்களுக்கு வாக்குக் கிடைத்ததும் அதே 1928இலேதான் என்பதை நினைத்தால் இது எத்துணை பெரிய பாய்ச்சல் என்பது புலப்படும். 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை இத்திட்டத்தை 19க்கு 17 என்ற வாக்குகளால் ஏற்றது. இரண்டே வாக்குகள்!

எதிர்த்து நின்றவர்களுள் முதல்வர் சேர் இராமநாதன். பரமேஸ்வராக் கல்லூரியையும் மருதனார்மடத்து மகளிர் கல்லூரியையும் எமக்குத் தந்த அவரை, 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சிங்கள மக்களுக்காகக் கடல் கடந்து வாதாடிய அவரை, இம்மலரில் ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல எமக்குக் கைவரவில்லை. ஆயினும் நடந்ததை மறைப்பது வரலாறாகாது. பெண்களுக்கும், வேளாளரல்லாத சாதியாருக்கும் வாக்குரிமை கொடுப்பது தகாது என்று அவர் வாதித்தார். முதுமையையும் பொருட்படுத்தாது 1930இல் இலண்டனுக்குச் சென்று அதனைத் தடுக்க முயன்று திரும்பினார். அவ்வாண்டு நவம்பரிலே காலமானார். அவருக்கு வேறோர் அச்சமும் இருந்தது. இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்து தலைக்கு ஒரு வாக்கு என்றானால், தொகையிற் சிறிய தமிழர் சபையில் நலிவர் என்பது அவ்வச்சம். அது வீண் அச்சம் அன்று என்பதை வந்த ஆண்டுகள் காட்டின. நியாயமான அந்த அச்சமும் நியாயமற்ற சாதியெண்ணமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தமையே எமது துரதிர்ஷ்டம். சிறுபான்மையினருக்குக் காப்பு வேண்டும் என்ற குரலை, ஏழைக்கு வாக்கு வேண்டாம் என்ற குரலிலிருந்து பிரித்துக் கேட்க எவராலும் முடியாமற் போயிற்று.

அவருடைய இளவல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1924இலேயே மறைந்துவிட்டார். தோட்டத் தொழிலாளியைக் கடனாற் கட்டிய 'துண்டு' முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் அவர். 1921இல் அம்முறை ஒழிந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் பதிவாளர் நாயகமாயிருந்து பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஒழுங்கு செய்தவரும் அவரே. அப்பதிவுகள் ஒருநாள் மனிதரை உள்ளே விடவும் வெளியே தள்ளவும் பயன்படும் என்று அப்பெரியார் கனவிலும் கருதியிரார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை ஒருவாறு நினைத்துப் பார்க்கவேண்டும். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமாசனம் கொடுக்கவேண்டும் என்று 1930ஐ ஒட்டி அரசாங்கம் வற்புறுத்தியபோது, சில பாடசாலைகள் நெருப்புக்கிரையாயின. ஒரே வாங்கில் இருப்பதையே பொறாதவர்கள், ஒரே வரிசையில் நின்று வாக்களிப்பதை எங்ஙனம் பொறுப்பர்? மிஷன் பாடசாலையிற் படித்த நாம் இதைச் சொல்லும்போது, "உங்கள் மிஷனார் மட்டும் என்ன செய்தார்கள்?" என்று கேட்கும் பெரியோர் உளர். அவர்களும் நெடுங்காலம் ஊரோடு ஒத்துப் போனவர்களே, அதையும் ஒப்புகின்றோம்.

இதற்கு மாறாக நின்றவர்கள் எம்மைப் போன்ற இளைஞர்களே என்பது ஆறுதல். 1924இல் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. சமபந்தி போசனம் நடத்தினர். 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். சாதியையும் இனப்பிரிவையும் ஒருங்கே வெறுத்தனர். ஆனால் அவர்கள் செய்த ஒரு காரியம் விசித்திரமானது. டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் அபேட்சகர் இல்லை. ஆசியாவிலேயே முதன்முதலாகச் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்ட நாட்டிலே, யாழ்ப்பாணத்துப் பனையேறியும் சலவைத் தொழிலாளியும் அவர்தம் மனைவியரும் அதனைப் பயன்படுத்த 1934வரை காத்திருக்க நேர்ந்தது. சமத்துவத்தை மனமார விரும்பிய இளைஞர், சமத்துவத்தின் முதற் கருவியை மக்கள் கையிற் படாமற் செய்தனர். கொள்கைத் தூய்மை என்ற பெயரில் இளைஞர் சங்கங்கள் எடுக்கும் முடிவுகளைக் காணும்போதெல்லாம் எமக்கு இந்நிகழ்ச்சி நினைவுக்கு வரும்.

தோட்டத் தொழிலாளரின் வாக்கு வேறொரு வழியில் நெருக்கப்பட்டது. ஐந்தாண்டு வதிவு போதும் என்றே கொமிஷன் கருதியது. டி. எஸ். சேனாநாயக்கா முதலிய தலைவர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆகவே தேசாதிபதி ஸ்ரான்லி இடையில் நிபந்தனைகளைப் புகுத்தினார்: இந்நாடே நிரந்தர வதிவிடம் என்று காட்டவேண்டும், அல்லது கல்வியும் சொத்தும் காட்டவேண்டும், அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறவேண்டும். அங்ஙனமிருந்தும் 1931இல் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேரும், 1939 அளவில் 2,25,000 பேரும் இடாப்பில் ஏறினர். அட்டன் தொகுதியிலிருந்து பெரியண்ணன் சுந்தரம் அரசாங்க சபைக்கு வந்து ஏழு மந்திரிமாருள் ஒருவரானார். தொழில், கைத்தொழில், வர்த்தகம் அவர் பொறுப்பு. தோட்டத்து மண்ணிலிருந்து வந்த ஒருவர், தோட்டத் துரைமார் பார்த்திருக்க, தொழில் மந்திரியானமை அக்காலத்தில் சிறிய காரியமன்று. பெண்களும் வந்தனர். 1931 முடிவதற்குள் அடலின் மொலமுறேயும், 1932இல் கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்துவும் உபதேர்தல்களில் வென்றார்கள். கற்றறிந்த கனவான்கள் அஞ்சிய பிரளயம் ஒன்றும் உண்டாகவில்லை.

கண்டிப் பகுதிச் சிங்களக் குடியானவருடைய மனக்குறையை நாம் எள்ளுவதற்கில்லை. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தால் அவர்களது சேனை நிலமும் காடும் அரசாங்கத்தின் கைக்குப் போய், அங்கிருந்து கோப்பித் துரைமாருக்கு விலைப்பட்டன. தம் கிராமத்தைச் சுற்றி அந்நிய மொழி பேசும் கூட்டம் ஒன்று குடியேற்றப்பட்டதைக் கண்டு அவர்கள் வெதும்பினர். ஆனால் காணியை எடுத்தவன் இராமேஸ்வரத்துக்கு இப்பால் கால்நடையாக மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே வந்த கூலியாள் அல்லன். வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர் போக எஞ்சியோர், பத்தடி லய அறையில் ஒடுங்கி, கங்காணியின் பேரேட்டில் கடனோடு வாழ்ந்தனர். காணியை எடுத்தவன்மீது சட்டம் பாயவில்லை. அவனுடைய தோட்டம் 1948க்குப் பின்னும் அவனுடையதாகவே இருந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த எஸ். தொண்டமான் நுவரெலியாவிலும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலும், கே. இராஜலிங்கம் நாவலப்பிட்டியிலும், ஜீ. ஆர். மோத்தா மஸ்கெலியாவிலும் வெற்றி பெற்றனர். இவர்களைத் தவிர வேறு சிலரும் வென்றனர். அவர்களது வாக்கு மற்றைத் தொகுதிகள் சிலவற்றில் இடதுசாரிகளுக்குத் துணையானது. மறு ஆண்டு பெப்ரவரி 4ஆம் நாள் சுதந்திரம். ஆகஸ்டில் பிரசாவுரிமை மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தின் சூட்சுமம் அது சொல்லாமல் விட்டதிலேதான் உண்டு. 'தமிழர்', 'இந்தியர்' என்ற சொற்களால் எவரையும் அது விலக்கவில்லை. இலங்கையிற் பிறந்தமை மட்டும் போதாது என்றது. தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பேரனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தாய் வழி செல்லாது. எங்கே பிறந்தார் என்பதைக் காட்டப் பத்திரம் வேண்டும். பிறப்புப் பதிவோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் ஒழுங்குபட்டது. பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால் தமிழகத்தில் ஒரு தலைமுறை பிறந்திருக்கும். மறு தலைமுறை லயத்திலே பிறந்து பதியப்படாதிருக்கும். நாட்டுக்கு அரும்பணி செய்தவரெனக் கருதி மந்திரி விரும்பினால் ஆண்டுக்கு 25 பேரைப் பதிவு செய்யலாம் என்றும் ஒரு பிரிவு இருந்தது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் 7,80,000 பேர். ஆண்டுக்கு 25 பேர்! கணக்கில் வல்ல வாசகர் எத்தனை ஆயிரம் ஆண்டு ஆகும் என்று பார்த்துக்கொள்க.

தமிழ்த் தலைவர்கள் யாது செய்தனர்? ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஆகஸ்டில் மசோதாவை எதிர்த்தே வாக்களித்தார். செப்டெம்பரில் மந்திரிசபையிற் சேர்ந்தார். டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் மசோதா வந்தபோது அதனை ஆதரித்தார். உள்ளிருந்து ஏதேனும் சாதிக்கலாம் என்பது அவர் தரப்பு நியாயம்; காங்கேசன்துறைத் தொழிற்சாலை போன்றவற்றை அவர் சாதித்ததும் உண்மை. அவரை விட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம், கு. வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் ஆகியோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தனர். இன்று மலைநாட்டார்மீது விழுந்தது நாளை மொழியின் வழியாக எம்மீது விழும் என்று செல்வநாயகம் எச்சரித்தார். 1956இல் அது விழுந்தது.

அந்த இரண்டாவது சட்டத்தின்படி, மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் 1946க்கு முன் இடையறாது இங்கு வாழ்ந்ததாக எண்பித்தால் பதிவுப் பிரசை ஆகலாம். இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். தொழிலாளரின் காங்கிரஸ் முதலில் இதனைப் பகிஷ்கரித்தது. பின்னர் மனம் மாறி, காலம் முடியுந் தறுவாயில் விண்ணப்பங்களைக் குவித்தது. (பகிஷ்காரத்தின் விலையை இரண்டாம் முறையும் ஏழையே கொடுத்தான்.) ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது, பல ஆண்டு விசாரணையின் பின் கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. எழுத்தறியாத ஒருவர், பேர்ச் சீட்டையும் தோட்டத்துச் சான்றையும் தூக்கிக்கொண்டு கச்சேரிப் படியேறி, இடையிலே ஊருக்குப் போய்வந்த நாள்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது. இதற்கிடையில் 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதோர் வாக்களிக்க முடியாதென்றது. 1931இல் வாக்களித்தவர், 1936இல் வாக்களித்தவர், 1947இல் வாக்களித்தவர் 1952இல் இடாப்பில் இல்லை. அவ்வாண்டு அவர்களது தலைவர்கள் கொழும்பிலே மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். பயன் விளையவில்லை.

நீதிமன்றமும் ஒருமுறை கதவைச் சற்றே திறந்தது. கேகாலைப் பகுதியில் கோடகன்பிள்ளை என்பவர் தம் பெயரை இடாப்பிற் சேர்க்கும்படி கேட்டார். ஒரு சமூகத்தாருக்கு மட்டும் இடர் விளைக்கும் சட்டத்தை இயற்றலாகாது என்று சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29ஆம் பிரிவு கூறுவதால், புதிய சட்டங்கள் செல்லா என்று இடாப்பைத் திருத்தும் உத்தியோகத்தர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புச் செய்தார். உயர் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்று 1953இல் தோற்றது. தன் நாட்டவர் யார் என்று வரையறுப்பது ஒரு சட்டசபைக்கு இயல்பான அதிகாரம். இச்சட்டம் பிரசாவுரிமை பற்றியதேயன்றி ஒரு சமூகத்தைப் பற்றியதன்று என்றனர் நீதிபதிகள். சிறுபான்மையோருக்குக் காப்பென்று எமது தலைவர்கள் நம்பியிருந்த 29ஆம் பிரிவு, முதற் பரீட்சையிலேயே வேலியில் நின்ற உக்கிய கிடுகாயிற்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொகுதிகளைப் பிரித்தபோது பிரசைகளை மட்டும் எண்ணவில்லை. சனத்தொகை முழுவதையும் எண்ணினார்கள். ஆகவே வாக்கில்லாத தொழிலாளரின் தலைகளும் சேர்ந்து மலைநாட்டுக்கு ஆசனங்களைக் கூட்டின. அவ்வாசனங்களை நிரப்பும் உரிமை மற்றையோருக்கு. ஆள் கணக்குக்கு ஆனான், வாக்குக்கு ஆகவில்லை.

1964 அக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்பதென்று. 1974இல் அதனையும் பாதிபாதியாகப் பிரித்தனர். பங்கிடப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு என்றான குடும்பங்கள் உண்டு. தலைமன்னாருக்குப் போன அப்புகையிரதத்தை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்பர். போனவர்களிற் பலர் நீலகிரியிலே, கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் மறுபடியும் தேயிலைக் கொழுந்தையே பிடித்தனர். 1984இல் யுத்தம் காரணமாகக் கப்பல் நின்றது. போகவேண்டியவரென்று எழுதப்பட்டுப் போகாதவர்கள் இங்கேயே இருந்தனர், எந்நாட்டாரும் அல்லாதவராய்.

இக்காலமெல்லாம் வடக்கிலே நாம் அவர்களை எங்ஙனம் நடத்தினோம்? மேடையிலே 'மலைநாட்டுச் சகோதரர்' என்றோம். வீட்டிலே 'வடக்கத்தியான்', 'தோட்டக்காட்டான்' என்றோம். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் மலைநாட்டுப் பிள்ளைகள் எமது ஊர்களில் மாவிடித்து, முற்றம் கூட்டி, அடுக்களைத் திண்ணையில் உண்டார்கள். அப்பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் உண்டோ என்று தேடிய வீட்டுக்காரர் எத்தனை பேர்? 1958இலும் 1977இலும் கலவரத்துக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள் எம்மவரின் வயல்களிற் கூலியாயினர். பொதுப் பதவியிலும் எமது வேலி மெல்லத்தான் சரிந்தது. ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து எம். சி. சுப்பிரமணியம் பாராளுமன்றம் சென்றது 1970இல், அதுவும் நியமன அங்கத்தவராக. யாழ்ப்பாண வாக்காளர் அச்சமூகத்தவர் ஒருவரைத் தாமே தெரிந்தனுப்பியது 1977இல், உடுப்பிட்டியில் த. இராசலிங்கத்தை. சர்வசன வாக்குரிமைக்கு அப்போது வயது 46. அதற்கு ஒன்பது ஆண்டு முன்னர்தான் மாவிட்டபுரத்தில் கோயிற் கதவடியிலே ஆலயப் பிரவேசம் கேட்டு மக்கள் இருந்தார்கள். இந்து இளைஞர் மலரொன்றிலே இதனை எழுதாமல் எங்கே எழுதுவது?

அதே 1977இல், மூன்று அங்கத்தவர் கொண்ட நுவரெலியா, மஸ்கெலியாத் தொகுதியில் தொண்டமான் வென்று, முப்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டு மந்திரியானார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு 'பரம்பரைப் பிரசை', 'பதிவுப் பிரசை' என்ற பேதத்தை நீக்கியது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சியோரிற் பலருக்கு உரிமை வழங்கின. 2003 அக்டோபரில், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு வாழும் இந்திய வம்சாவளியினரும் அவர் வழித்தோன்றல்களும் பிரசைகளே என்ற சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. எதிர்த்து ஒரு வாக்குமில்லை. 55 ஆண்டு மறுத்ததை ஒருவரும் எதிர்க்காமற் கொடுக்கலாமென்றால், மறுத்ததற்குக் காரணம்தான் யாது என்று கேட்கத் தோன்றுகின்றது. அவ்வாண்டிலேயே தாய் வழியாகவும் பிரசாவுரிமை செல்லும் என்று மூலச் சட்டமும் திருத்தப்பட்டது. பூட்டனைத் தேடிய சட்டம் அம்மாவைக் கண்டுகொள்ள அத்தனை காலம் எடுத்தது.

பிரசையான பின்னும் ஒரு விசித்திரம் நீடித்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டங்களுக்குள் பிரதேச சபையின் பணத்தைச் செலவிட இயலாதிருந்தது. தோட்டத்தார் வாக்களித்து அங்கத்தவரைத் தெரிவர். அவ்வங்கத்தவர் தம்மைத் தெரிந்தோருடைய லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு கல்லும் போட முடியாது. 2018இலேதான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

2024 நவம்பர் மாதப் பொதுத் தேர்தலிலே, பதுளை மாவட்டத்தில் ஒருவரும் நுவரெலியா மாவட்டத்தில் ஒருவருமாக மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். கொமிஷனர் அன்று அக்னஸ் டி சில்வாவிடம் எந்தப் பெண்களைப் பற்றி வினவினரோ, அப்பெண்களின் வழிவந்தோர் அவர்கள். முடிவுகள் வந்த அன்றிரவு எமது விடுதி அறையிலே, தலவாக்கலையைச் சேர்ந்த சக மாணவர் ஒருவர் அச்செய்தியை இருமுறை வாசித்துவிட்டு, தம் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தார். அவருடைய தாயார் பிரசையானது 2003இல்.